வாலை வெட்டினாலும் சாகாத எண்

அத்தியாயம் 7

தூணில் மஞ்சள் சாயத்தால் 73 என்று எழுதியிருந்தது. அதற்கு மேலே, எண்பது வருஷத்துக்கு மேலாக மணி தொங்கிய இடத்தில், ஒரு சங்கிலி மட்டும் தொங்கியது. சங்கிலியில் ஒரு பூட்டு. பூட்டு ஒழுங்காகப் பூட்டியிருந்தது.

சன்னாசி அண்ணாந்து பார்த்துச் சப்புக் கொட்டினான்.

“மிஸ், இந்தத் திருடன் நல்லா வளர்ந்த பிள்ளை லா. மணியை எடுத்திருக்கான். சங்கிலியைப் பழையபடி சுத்திப் பூட்டியிருக்கான். சாவியைக் கொண்டு போயி ஸ்டோர்ல அதே ஆணியில மாட்டியிருக்கான். என் வீட்டுச் சாவியை நானே அவ்வளவு ஒழுங்கா மாட்ட மாட்டேன்.”

“அதைத்தான் நானும் யோசிக்கிறேன்,” என்றார் ஜோசலின்.

ஜோசலின் சிரம்பானில் ஒரு பூக்கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருந்தார். அதற்கு முன் முப்பது வருஷம் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில், எரியாத வீட்டுக்கு நெருப்புப் பணம் கேட்பவர்களைச் சிரித்த முகத்தோடு திருப்பி அனுப்பியவர். அவருடைய கைப்பையில் ஜெபமாலையும் பூதக்கண்ணாடியும் ஒரே உறைக்குள் கிடக்கும். இரண்டும் ஒன்றுக்குத்தான், கண்ணுக்குத் தெரியாததைத் தேடத்தான் என்பார். சன்னாசி அவருக்கு டிரைவர், குமாஸ்தா. தன் வாயால் சொல்லிக்கொண்டபடி அவருடைய மூளையில் பாதியும் அவன்தான். மீதிப் பாதி யாருடையது என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

அவர்களை அழைத்து வந்த மைக்கல்ராஜ் சற்றுத் தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கெலாடி தோட்டத்து அந்தோணியார் கோயிலின் உபதேசியார். ஐம்பது வயசு, வெள்ளைச் சட்டை, இஸ்திரி மடிப்பு. கொசு கடித்தால்கூட மன்னிப்புக் கேட்டுவிட்டு அடிக்கும் ரகம். சுவா என்ற சின்ன ஊரிலிருந்து செம்பனைக் காட்டுக்குள் ஏழு கிலோமீட்டர் போக வேண்டிய இந்தத் தோட்டத்திலிருந்து நேற்று பஸ் பிடித்து வந்து, ஜோசலினின் மேசை முன்னால் உட்கார்ந்து, “எப்படியாவது கண்டுபிடிச்சுடுங்கம்மா, அந்தப் பிள்ளை பாவம்,” என்று கண் கலங்கியவர்.

அந்தப் பிள்ளை என்றது ரோகினியை. முப்பது வயசு. தோட்டத்து ஸ்டோர் அவள் பொறுப்பு. உரமூட்டை, அரிவாள், மரத்துக்குக் குறி போடும் மஞ்சள் சாயம், பெரட்டு மணியின் சாவி, எல்லாம் அவள் கையில். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில்தான் அந்த மணி தொங்கியது. அதை அடித்தால்தான் தோட்டம் எழும். வருஷத்தில் இரண்டு தடவை மட்டும் அது இடம் மாறும். அந்தோணியார் திருவிழாவுக்கு மாரியம்மன் கோயில்காரர்கள் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் கொடுப்பார்கள். அம்மன் திருவிழாவுக்கு அந்தோணியார் கோயில்காரர்கள் தூக்குவார்கள். இரண்டு சாமிக்கும் ஒரே மணி. இதுவரை இரண்டு பேரும் சண்டை போட்டதாகத் தகவல் இல்லை.

இப்போது அந்த மணியைப் போர்ட்டிக்சன் கடற்கரையில் ஒரு புது ஹோட்டலின் முகப்பில் அலங்காரத்துக்குத் தொங்கவிடக் கொடுப்பதாகத் தோட்டத்து முதலாளிமார் வாக்குக் கொடுத்துவிட்டார்கள். நாளை சனிக்கிழமை, பகல் பன்னிரண்டுக்கு லாரி வரும்.

“அதுக்குள்ள மணி வரலைன்னா போலீசுக்கு என் பேரைக் கொடுத்துடுவேன்னு மேனேஜர் சொல்லிட்டாரு,” என்றாள் தூணோரம் நின்றிருந்த ரோகினி. அழுது முடித்த குரல். “வேலை போனா வீடும் போயிடும்மா. தோட்டத்து வீடு. அதைக்கூடப் பொறுத்துக்கலாம். திருடின்னு பேரு வந்துட்டா நான் எங்க போயி நிப்பேன்?”

“புதன்கிழமை மணி காணாம போனப்ப நீ எங்கம்மா இருந்தே?” என்றார் ஜோசலின்.

ரோகினி தரையைப் பார்த்தாள். “நம்பர் கடையில. லாட்டரி எடுக்க.”

“ஸ்டோரு?”

“திறந்து கிடந்துச்சு. சாவி ஆணியில. சத்தியமா நான் நம்பரே எடுக்க மாட்டேன்மா. அன்னிக்கு ஒருநாள்தான். ஒரே ஒரு வெள்ளிப் பணம்தான் கட்டினேன்.”

அன்றைக்கு அவள் மட்டுமா போனாள்? தோட்டமே போனது. அந்தக் கூத்தை இங்கே சொல்லியாக வேண்டும்.

போன சனிக்கிழமை விடிந்தபோது தூணில் ஓர் எண் இருந்தது: 73939133. யார் எழுதியது என்று யாருக்கும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அதன் கடைசி இலக்கம் காணாமல் போய் 7393913 ஆனது. திங்கள் 739391. செவ்வாய் 73939. ஒவ்வொரு நாளும் பழையதைத் துடைத்துவிட்டு, வால் ஒன்று குறைத்து யாரோ எழுதினார்கள். தோட்டத்தில் கனவைக் கேட்டு நாலு இலக்க லாட்டரிக்கு நம்பர் சொல்லும் ராக்கம்மா தூணுக்கு முன்னால் கற்பூரம் ஏற்றி, “ஆத்தா ஒண்ணொண்ணா கழிக்கிறாடா. நாலு நிக்கிற அன்னிக்கு எடுங்கடா,” என்று வாக்குச் சொல்லிவிட்டாள். புதன்கிழமை நாலு நின்றது. 7393. அன்றைக்கு நம்பர் குலுக்கும் நாள் வேறு. காலையில் ஐம்பத்திரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் வயிற்றுவலி வந்து எம்சி என்கிற மருத்துவ விடுப்புச் சீட்டுக் கேட்டார்கள். எம்சி எழுதிக் கொடுக்க வேண்டியவருக்கும் வயிற்றுவலி வந்துவிட்டது. வாசலில் நிற்கும் ஜாகாக்காரர் தடியைச் சுவரில் சாத்திவிட்டு நம்பர் கடைக்குக் கிளம்பிய தோட்டத்து லாரியில் ஏறினார். மத்தியானம் திரும்பி வந்தபோது மணி இல்லை. சாயந்திரம் பார்த்தால் பரிசும் இல்லை. ஆறுதல் பரிசில்கூட அந்த நம்பர் இல்லை.

வியாழன் 739. இன்று வெள்ளிக்கிழமை, 73.

மேனேஜர் தர்மேந்திரனின் கணக்கு சுலபமானது. நம்பர் எழுதியவன்தான் ஆளைக் கிளப்பினான், ஆளைக் கிளப்பியவன்தான் மணியை எடுத்தான். சாயம் ரோகினியின் ஸ்டோர் சாயம், சாவி ரோகினியின் சாவி. ஆகவே ரோகினி.

“மணி புதன்கிழமையே போயிடுச்சு,” என்றார் ஜோசலின். “அப்புறமும் நேத்தும் இன்னிக்கும் வந்து எதுக்கு எழுதணும்? திருடிட்டுப் போனவன் கடமை தவறாம வந்து கையெழுத்துப் போடுவானா?”

“அதான் சொன்னேனே மிஸ், நல்லா வளர்ந்த பிள்ளை.”

மைக்கல்ராஜ் தொண்டையைச் செருமினார். “முதல்ல வந்து பசியாறிட்டுப் போங்க. லில்லி தோசை சுட்டு வச்சிருக்கா.”

அந்தோணியார் கோயில் ஒரு சின்னத் தகரக் கூரைக் கட்டடம். ஞாயிற்றுக்கிழமை திருவிழா என்பதால் உள்ளே ஜிகினாத் தோரணம் மின்னியது. மைக்கல்ராஜின் மனைவி லில்லி பின்கட்டு மேசையில் தோசையும் சம்பலும் வைத்தாள். சன்னாசி வாசனையைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்ததில், பீடத்துக்குப் பக்கத்தில் எதன் மேலோ கால் கட்டைவிரலை இடித்துக்கொண்டான்.

“அலாமா!”

பெரிய பூச்சாடி. ஈரமணலில் செருகிய அல்லிப் பூக்களும் பாக்குப் பாளையும் ஆள் உயரத்துக்கு நின்றன. சாடிக்கு வெளியே ஒரு டிராக்டர் டயரும், டயருக்கு வெள்ளைத் துணியில் கொசுவம் வைத்த பாவாடையும் இருந்தன.

“பூச்சாடிக்கு எதுக்குப் பாவாடை உபதேசியாரே?”

“திருவிழா அலங்காரம்,” என்றார் மைக்கல்ராஜ். “தோசை ஆறுது, வாங்க.”

இரண்டாவது தோசைக்குப் பிறகு சன்னாசிக்கு மூளை வேலை செய்தது. கைப்பேசியை எடுத்தான்.

“மிஸ், ஒரு எண்ணைப் போட்டா அதோட ஜாதகத்தையே சொல்ற பக்கம் ஒண்ணு இருக்கு. பாப்போமா? ஏழு, மூணு, ஒன்பது, மூணு, ஒன்பது, ஒண்ணு, மூணு, மூணு. வந்துடுச்சு. ஒற்றைப்படை. எல்லா இலக்கத்தையும் கூட்டினா முப்பத்தெட்டு. அப்புறம், குறைவெண்ணாம்.”

“அப்படின்னா?”

“தன்னை மிச்சமில்லாம வகுக்கிற சின்ன எண்களை எல்லாம் கூட்டினாலும் தன் உயரத்துக்கு வரலைன்னா அது குறைவெண்ணாம். இவருக்கு அந்த மாதிரி ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அதுவும் ‘ஒண்ணு’தான். பாவம் மிஸ், ஏழு கோடிக்கு மேல உயரம், துணைக்கு ஒரே ஆளு.”

ஜோசலின் தோசையை வைத்துவிட்டார். “அப்படின்னா அது பகா எண்.”

“அதுவும் போட்டிருக்கு,” என்றான் சன்னாசி.

“பகா எண்ணுன்னா?” என்று லில்லி கேட்டாள்.

“நான் சொல்றேன்,” என்றான் சன்னாசி. “பன்னண்டு கறிபாப் வாங்கினா மூணு பேரு ஆளுக்கு நாலுன்னு சண்டையில்லாம தின்னலாம். நாலு பேரு வந்தா ஆளுக்கு மூணு. பதிமூணு வாங்கினா? யாரு வந்தாலும் சண்டைதான். பங்கு போட முடியாது. அதான் பகா எண்.”

“அடுத்ததையும் பாரு,” என்றார் ஜோசலின். “வால் வெட்டினது.”

“7393913. பகா எண்.”

“அடுத்தது.”

“739391. பகா எண். 73939, அட, இதுவும். 7393...” இங்கே சன்னாசியின் குரல் தாழ்ந்தது. “இதுவும் பகா எண்தான். எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். அஞ்சு வெள்ளியையும் பங்கு போடாம அப்படியே விழுங்கிடுச்சு.”

“நீயுமா எடுத்தே?”

“வாட்சாப்ல சிரம்பான் வரைக்கும் வந்துச்சு மிஸ். வந்த நம்பரை மதிக்காம இருக்கலாமா?”

739. பகா எண். 73, அதுவும். வாலை வெட்ட வெட்ட ஒவ்வொரு தடவையும் மிஞ்சுவது பங்குபோட முடியாத எண்ணாகவே நின்றது.

“ஒண்ணு ரெண்டு அப்படி அமைஞ்சா தற்செயல். ஏழும் அப்படின்னா யாரோ தேடிப் பொறுக்கின எண்ணு,” என்றார் ஜோசலின். “ஆளைக் கிளப்பறதுதான் திட்டம்னா எந்த எட்டு இலக்கம் இருந்தாலும் போதும். இவ்வளவு அழகு எதுக்கு? இதை எழுதினவருக்கு மணி மேல இல்லை, எண்ணு மேல ஆசை. உபதேசியாரே, இந்தத் தோட்டத்துல கணக்குப் பைத்தியம் யாரு?”

மைக்கல்ராஜ், கூடவே வந்து உட்கார்ந்திருந்த ரோகினியின் கோப்பையில் மூன்றாவது தடவையாக மைலோ ஊற்றிக்கொண்டிருந்தார். அவள் முதல் கோப்பையையே இன்னும் குடித்து முடிக்கவில்லை. அவருடைய தட்டில் தோசை தொடாமல் கிடந்தது.

“பெரிய கிராணி,” என்றார். “அமிர்தலிங்கம் ஐயா.”

ஆபீசில் நாற்பது வருஷம் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற அமிர்தலிங்கம், கடைசி லயத்தின் கடைசி வீட்டில், வாளி முன்னால் குந்தி மண்ணெண்ணெயில் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரல் நகம் மட்டும் மஞ்சளாகவே இருந்தது.

“மஞ்சக் காமாலையா ஐயா?” என்றான் சன்னாசி.

கிழவர் நகத்தைப் பார்த்தார். இவர்களைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“ஏழு நாளாச்சா கண்டுபிடிக்க? இந்தத் தோட்டத்துல ஒருத்தனாவது ‘ஐயா, இது பகா எண்ணு’ன்னு சொல்லுவான்னு காத்துக்கிட்டே இருந்தேன். நான் அறிவைக் கொடுத்தேன், இவனுங்க நம்பர் எடுத்தானுங்க!”

“நாங்க சொல்றோம்,” என்றார் ஜோசலின். “அழகான எண்ணு ஐயா.”

அது போதும். கிழவருக்குப் பத்து வயசு குறைந்தது. “வலப்பக்கமா வெட்டிக்கிட்டே போனாலும் பகா எண்ணாவே நிக்கிற குடும்பம்மா இது. மொத்தம் எண்பத்து மூணு பேரு. அந்த எண்பத்து மூணும் பகா எண்! எட்டு இலக்கத்துல அஞ்சே அஞ்சு பேருதான். அதுல பெரியவரு நம்மாளு. இதுக்கு மேல வலப்பக்கம் எந்த இலக்கத்தை ஒட்டினாலும் பகுபட்டுப் போயிடும். இவரோட வம்சம் முடிஞ்சுது.”

“எதுக்கு இவரைப் பொறுக்கினீங்க?”

கிழவர் கையைத் துடைத்தார். “எழுபத்து மூணுக்காக. அந்த மணி கம்பெனி வாங்கினது இல்ல. அந்தக் காலத்துல எழுபத்து மூணு குடும்பம் ஆளுக்கொரு செம்பு கொடுத்து, உருக்கி வார்த்ததுன்னு எங்கப்பா சொல்லுவாரு. மேனேஜர்கிட்ட சொன்னேன். ஆதாரம் எங்கேன்னு கேட்டாரு. என்கிட்ட ஏது? அதான், நான் போயி கத்தறதைவிட எண்ணே கத்தட்டும்னு, இவரைப் பொறுக்கினேன். அந்த அஞ்சு பேருல எழுபத்து மூணுல ஆரம்பிக்கிறவரு இவரு ஒருத்தருதான். ஒவ்வொரு நாளா வெட்டினா லாரி வர்றதுக்கு முந்தின நாளு சரியா எழுபத்து மூணுல வந்து நிப்பாரு. இன்னிக்குச் சாயந்திரம் எல்லாரையும் கூப்பிட்டு, ‘வெட்டினாலும் பங்கு போட முடியாதது இது’ன்னு சொல்லணும்னு இருந்தேன். நடுவுல புதன்கிழமை நாலு இலக்கம் வரும்னு எனக்குத் தோணவே இல்ல பாருங்க. கணக்கு தெரிஞ்ச அளவுக்கு மனுஷனைத் தெரியல.”

“புதன்கிழமை நீங்க எங்க இருந்தீங்க?”

“நம்பர் கடை வாசல்ல. எடுக்காதீங்கடா எடுக்காதீங்கடான்னு கத்திக்கிட்டு.”

சன்னாசி தொடையில் அடித்துக்கொண்டான். “குடையை ஆட்டி ஆட்டிக் கத்தின தாத்தா நீங்கதானா! அந்த வீடியோவைப் பாத்துட்டுத்தான் நான் எடுத்தேன். இவரு யாரையும் எடுக்கவிட மாட்டேங்கிறாரு, அப்ப நிச்சயம் விழும்னு நினைச்சேன்!”

ஆக, எண்ணை எழுதியவர் மணியை எடுக்கவில்லை. அவர் நம்பர் கடையில் இருந்ததற்கு ஐந்நூறு பேர் பார்த்த வீடியோவே சாட்சி.

“சாயம் எங்க எடுத்தீங்க ஐயா?” என்று ஜோசலின் மெதுவாகக் கேட்டார். “அந்தச் சாயத்தை வச்சுத்தான் ரோகினியைத் திருடிங்கறாங்க.”

கிழவரின் சிரிப்பு நின்றுபோனது. ஸ்டோருக்குப் பின்னால் எறிந்து கிடந்த காலி டின்னில் சுரண்டியது என்றார். உடனே உள்ளே போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். “எங்கப்பா செம்பைப் பத்திப் பேசிக்கிட்டே பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பாக்காம விட்டுட்டேனே. வாங்க மேனேஜர்கிட்ட.”

“நீங்க முன்னாடி போங்க. சாயத்தை நீங்க தீர்த்துடலாம். மணி இன்னும் பாக்கி இருக்கு.”

காருக்குத் திரும்பும் வழியில் சன்னாசி விரல் விட்டு ஆள் எண்ணினான்.

“சரி மிஸ், தோட்டமே நம்பர் கடையில. தோட்டத்துல யாருதான் இருந்தது?”

“நீ சொல்லு. இந்த நெகிரி செம்பிலான்ல, ஆத்தாளே வந்து நம்பர் கொடுத்தாலும் எடுக்காத ஆளு யாரு இருப்பாங்க?”

“ரெண்டு பேருதான். ஒண்ணு, செத்தவன். இன்னொண்ணு...” சன்னாசி சிரிக்க வாயைத் திறந்தான். திறந்த வாய் அப்படியே நின்றது. “மிஸ். வேணாம் மிஸ்.”

“பூட்டைத் திரும்பப் பூட்டுற ஆளு. சாவியை எடுத்த ஆணியிலேயே மாட்டுற ஆளு. நீதான் சொன்னே, நல்லா வளர்ந்த பிள்ளைன்னு.”

“அவருதானே நம்மளைக் கூப்பிட்டாரு! பஸ்ஸு பிடிச்சு வந்து அழுதாரு!”

“உன் கட்டைவிரல் எப்படி இருக்கு?”

“வீங்கிடுச்சு.”

“பூச்சாடின்னா தரையில தானா நிக்கணும் சன்னாசி. டயருக்கு நடுவுல சொருகி வச்சாத்தான் நிக்கும்னா, அதுக்கு அடிப்பக்கம் தட்டையா இல்லைன்னு அர்த்தம். தட்டையா இல்லாததை மறைக்கத்தான் பாவாடை.”

சன்னாசி கொஞ்ச தூரம் நொண்டியபடியே நடந்தான். “தலைகீழா நிக்க வச்ச மணி,” என்றான் கடைசியில். “என் கால்தான் முதல்ல கண்டுபிடிச்சுது. கணக்குல எழுதிக்குங்க.”

கோயிலில் மைக்கல்ராஜ் மட்டும் இருந்தார். முன் பெஞ்சில் முழங்காலில் நின்றார். இவர்கள் வந்ததைக் கேட்டும் திரும்பவில்லை.

“கண்டுபிடிச்சுட்டீங்களாம்மா?”

“கண்டுபிடிச்சாச்சு உபதேசியாரே.”

“நல்லதும்மா.” அவர் எழுந்து உட்கார்ந்தார். மூன்று நாளாகச் சுமந்த மூட்டையை இறக்கியவர் மாதிரி தோள் தளர்ந்தது. “புதன்கிழமை களத்துல ஒரு ஆளு இல்ல. மணி மட்டும் தொங்குச்சு. இறக்கி, உரம் தள்ற கைவண்டியில ஏத்திக்கிட்டு வந்துட்டேன். சனிக்கிழமை வரைக்கும் மறைச்சு வச்சா, ஹோட்டல்காரங்க வேற மணி வாங்கிக்குவாங்கன்னு நினைச்சேன். சாவியைத் திரும்ப மாட்டினேன், அந்தப் பிள்ளைக்குத் தொல்லை வரக்கூடாதுன்னு. அதுதான் அவ கழுத்துல சுருக்காயிடுச்சு. மூணு தடவை மேனேஜர் ஆபீஸ் வாசல் வரைக்கும் போனேம்மா. மூணு தடவையும் காலு திரும்பிடுச்சு. சொன்னா மணி போயிடும். சொல்லலைன்னா பிள்ளை போயிடும். அதான் உங்களைக் கூப்பிட்டேன். என்னைப் பிடிக்கத்தான் கூப்பிட்டேன்.”

சன்னாசி பெஞ்சில் கிடந்த ஜிகினாத் தோரணத்தை ஒதுக்கி இடம் விட்டான்.

ஜோசலின் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். “நீங்க நினைச்சது நல்லதுதான். ஆனா ஒரு நல்ல காரியத்தை இன்னொருத்தர் முதுகுல ஏத்தி வச்சுச் செய்யக்கூடாது உபதேசியாரே. அது நம்மளோட பாரம். நாமதான் சுமக்கணும். மேனேஜர் அப்புறம். முதல்ல ரோகினி.”

மைக்கல்ராஜ் போனார். ஸ்டோர் வாசலில் அவர் என்ன சொன்னார் என்று யாருக்கும் கேட்கவில்லை. ரோகினி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டது தெரிந்தது. அதற்கப்புறம் அவள் சொன்னது மட்டும் எல்லாருக்கும் கேட்டது.

“அதான் காலையில மைலோ மைலோவா ஊத்தினீங்களா? இன்னும் வயிறு பொருமிக்கிட்டு இருக்கு!”

மணலைக் கொட்டும் வேலை சன்னாசி தலையில் விழுந்தது. ஈரமணல், அல்லிப்பூ, பாளை எல்லாவற்றையும் வாரி வெளியே போட்டு, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி உள்ளே கையால் தேய்த்தான். எண்பது வருஷமாக யாரும் அந்த மணியின் உள்பக்கத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. யார் பார்ப்பார்கள்? திருவிழாவுக்குத் தோளில் தூக்கிப் போகும்போதும் அதன் வாய் கீழ்நோக்கித்தான் இருக்கும். தலைக்கு மேல் தொங்கும் மணியின் வாய்க்குள் எட்டிப் பார்க்க ஆள் கணக்கெடுக்கும் நேரத்தில் யாருக்கு அவகாசம்? தலைகீழாகத் திருப்பி வைத்த பிறகுதான் வெளிச்சம் உள்ளே போனது.

அவன் விரலில் ஏதோ நெருடியது.

“மிஸ். இங்க எழுத்து இருக்கு.”

ஜோசலின் பூதக்கண்ணாடியை எடுத்தார். விளிம்புக்குச் சற்று உள்ளே, உளியால் தட்டிய சின்னச் சின்ன எழுத்துகள் சுற்றிலும் ஓடின. சி. மு. மு. அ. வீ. கா. ஒவ்வொன்றும் ஒருவருடைய பேரின் முதல் எழுத்து. அதற்கு மேலே ஒரே ஒரு வரி: ‘எங்கள் செம்பு. பெரட்டுக்கும் கோயிலுக்கும். 1938.’

“எண்ணு,” என்றார் ஜோசலின்.

சன்னாசி எண்ணினான். நம்பாமல், ஓர் எழுத்துக்கு ஓர் அல்லி இதழ் என்று தரையில் வைத்து மறுபடி எண்ணினான். பத்துப் பத்தாக ஏழு வரிசை வைத்தான். மூன்று இதழ் மிஞ்சியது. எட்டு எட்டாகக் கலைத்து வைத்தான். ஒன்று மிஞ்சியது.

“பங்கு வரலை மிஸ்,” என்றான் சிரித்துக்கொண்டே. “எழுபத்து மூணு.”

சனிக்கிழமை காலை தூணில் 7 மட்டும் இருந்தது. இந்தத் தடவை அமிர்தலிங்கம் பட்டப்பகலில், எல்லாரும் பார்க்க, ரோகினியிடம் கேட்டு வாங்கிய சாயத்தில் எழுதினார். களத்தில் தோட்டமே நின்றது. வயிற்றுவலிக்காரர்கள் எல்லாம் சுகமாக இருந்தார்கள்.

மேனேஜர் தர்மேந்திரன் கைப்பேசி வெளிச்சத்தை மணிக்குள் அடித்துப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. அவசரக்காரர். எழுத்துகளைத் தானே எண்ணினார். எங்காவது ஒன்று குறையாதா என்கிற ஆசையில் இன்னொரு தடவையும் எண்ணினார். குறையவில்லை.

“மேல உள்ளவங்களுக்கு நான் என்ன சொல்றது?” என்றார்.

“நம்முடையதா இல்லாததைத் தானம் கொடுக்க முடியாதுன்னு சொல்லுங்க சார்,” என்றார் ஜோசலின். “மலாய்ல சொன்னாலும் இங்கிலீஷ்ல சொன்னாலும் நல்லாத்தான் இருக்கும்.”

தர்மேந்திரன் ஹோட்டல் லாரிக்காரரிடம் போய்ப் பேசினார். அந்த மலாய்க்காரர் அதற்குள் லில்லியின் நாலாவது தோசையில் இருந்தார். காலி லாரியோடு போவதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. திரும்பி வந்த மேனேஜர் மைக்கல்ராஜைப் பார்த்து, “உபதேசியாரே, அடுத்த தடவை திருடறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க,” என்றார். மணியின் சாவியை எடுத்து ரோகினியின் முன்னால் நீட்டினார்.

“உன்னை நான் அப்படிச் சொன்னது தப்பும்மா,” என்றார். தாழ்ந்த குரலில் சொல்லவில்லை. களம் முழுக்கக் கேட்கச் சொன்னார்.

ரோகினி சாவியை வாங்கினாள். அதை இடுப்பில் செருகிக்கொண்டு மைக்கல்ராஜைப் பார்த்தாள். “இறக்கினது நீங்கதானே? நீங்களே ஏறி மாட்டுங்க. இஸ்திரி கலைஞ்சா கலையட்டும்.”

உபதேசியார் ஏணியில் ஏற, ராக்கம்மாவின் மகன்மார் இருவர் கீழிருந்து மணியைத் தாங்க, மணி தன் இடத்துக்குப் போனது. ரோகினி கயிற்றைப் பிடித்தாள். செம்பு கொடுத்தவர்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் அடி என்று அமிர்தலிங்கம் ஏற்பாடு. அவரே பக்கத்தில் நின்று எண்ணினார்.

செம்பனை மரங்களுக்கு மேலே சத்தம் உருண்டு போனது. முப்பதாவது அடியில் சன்னாசி காதைப் பொத்திக்கொண்டான். ஐம்பதில் குழந்தைகளும் சேர்ந்து எண்ணினார்கள். அறுபதில் ரோகினியின் கை தளர்ந்தது. எழுபத்திரண்டில் கயிற்றை விட்டுவிட்டு, மூச்சு வாங்கத் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“போதும் லா, கை விட்டுப் போச்சு,” என்றாள் சிரித்துக்கொண்டே.

“ஐயோ, அங்க நிறுத்தாதேம்மா!” அமிர்தலிங்கம் குடையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். “எழுபத்திரண்டை யாரு வேணும்னாலும் பங்கு போட்டுடுவான். ரெண்டு பேரு போடுவான், மூணு பேரு போடுவான், எட்டு, ஒன்பது, பன்னண்டு பேருகூடப் போட்டுக்குவான்! இன்னும் ஒண்ணு, தாயே! ஒண்ணே ஒண்ணு!”

ரோகினி கயிற்றைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி மைக்கல்ராஜின் கையைப் பிடித்துக் கயிற்றின் மேல் வைத்தாள். அதன் மேல் தன் கையை வைத்தாள்.

இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தார்கள்.